உங்களுக்குத் தெரியுமா? தலைவர்கள் எல்லை தாண்டினால் நாடு பழகிவிடுமா? திருமலை சிறப்புப் பக்கம்!

2022 மே 9. மஹிந்த ராஜபக்ஷ பிரதமர் பதவியிலிருந்து விலகினார். மறுநாள் குடும்பத்தோடு வந்து தங்கியது எங்கே தெரியுமா? நம் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில்! பாதுகாப்புச் செயலாளரே அதை உறுதிப்படுத்தினார்!

விஷயம் வெளியே தெரிந்ததுதான் தாமதம், தள வாசலில் சனம் திரண்டுவிட்டது! இரண்டு தவணை ஜனாதிபதியாக இருந்தவர் வேலிக்கு உள்ளே. வாக்காளர்கள் வெளியே!

அதைவிடப் பெரிய ஆச்சரியம் இது. மே 18, அதாவது எட்டே நாளில், அதே மஹிந்த பாராளுமன்றத்துக்கு வந்து தன் ஆசனத்தில் உட்கார்ந்தார்! சபையும் நடந்தது!

தம்பி கோட்டாபயவின் கதை இன்னும் வேகம். 2019-இல் 69 லட்சம் வாக்கு வாங்கிய ஜனாதிபதி. 2022 ஜூலை 13 விடியற்காலை விமானப்படை விமானத்தில் மாலைதீவு. மறுநாள் சிங்கப்பூர். பதவி விலகல் கடிதம் வந்தது மின்னஞ்சலில்!

அதற்கு நான்கு நாள் முன்னர் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்த போராட்டக்காரர்கள் ஒரு பணக்கட்டைக் கண்டெடுத்தார்கள். எண்ணினார்கள். பொலிஸிடம் ஒப்படைத்தார்கள். எவ்வளவு தெரியுமா? 1 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் ரூபா!

அடுத்து ஜனாதிபதி ஆனவர் 2020 தேர்தலில் தன் ஆசனத்தையே இழந்தவர்! அவருடைய ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் இடம். அந்த ஒற்றை இடத்திலிருந்து ரணில் விக்கிரமசிங்க 134 வாக்கோடு நாட்டின் உச்சிக்குப் போனார்!

2018-க்குப் போவோமா? ஒக்டோபர் 26 வெள்ளிக்கிழமை இரவு. ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன திடீரென்று ரணிலை நீக்கி மஹிந்தவைப் பிரதமராக்கினார். நீக்கப்பட்டவரோ அலரி மாளிகையை விட்டு நகரவில்லை! ஒரு நாடு, இரண்டு பிரதமர், 51 நாள்!

பெரும்பான்மை கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் நவம்பர் 9 பாராளுமன்றமே கலைக்கப்பட்டது. நாலரை ஆண்டு முடியாமல் கலைக்க முடியாது என்று 19ஆம் திருத்தம் சொல்கிறது. அந்தத் திருத்தத்தைத் தன் பெரிய சாதனையாக எடுத்துக்காட்டியவர் யார்? அதே சிறிசேன!

அந்தக் கலைப்பு சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது தெரியும். அந்த வரலாற்று வழக்கின் பெயர் தெரியுமா? ‘இராஜவரோதயம் சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர்’! ஆம், அன்றைய நம் திருகோணமலை மாவட்ட எம்.பி.தான்! அப்போது அவருக்கு வயது 85!

ஏழு நீதியரசர்கள். ஏழு பேரும் ஒரே முடிவு. 2018 டிசம்பர் 13! இலங்கையில் சட்டம் படிக்கும் பிள்ளைகள் இனி எத்தனை தலைமுறைக்கும் ஒரு திருமலைக்காரரின் பெயரைச் சொல்லித்தான் இந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும்!

வென்றவருக்கு என்ன கிடைத்தது? ஐந்தே நாளில், டிசம்பர் 18, எதிர்க்கட்சித் தலைவர் பதவி அவர் கையை விட்டுப் போனது! அந்த நாற்காலிக்கு வந்தவர் மஹிந்த ராஜபக்ஷ! இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆறவில்லை!

அந்த 51 நாளுக்குள்தான் பாராளுமன்றத்தில் மிளகாய்த்தூள் பறந்தது! நவம்பர் 16. கதிரைகள் வீசப்பட்டன. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸார் சூழ உள்ளே வந்தார். தன் ஆசனத்துக்குப் போகவே முடியவில்லை. நின்றுகொண்டே ஒலிவாங்கியில் சபையை நடத்தினார்!

ஏன் போக முடியவில்லை? அந்த ஆசனத்தில் ஏற்கெனவே ஒரு எம்.பி. உட்கார்ந்திருந்தார்! பெயர் அருந்திக்க பெர்னாண்டோ. 2020-இல் அவர் இராஜாங்க அமைச்சர்! அதே ஆண்டு செப்டெம்பரில் தேங்காய்த் தட்டுப்பாட்டை விளக்கத் தென்னைமரத்தில் ஏறி நின்று ஊடகங்களுக்குப் பேசியவரும் அவரேதான்!

இந்தியா இதில் நம்மை முந்திவிட்டது! 2014 பெப்ரவரி 13, தெலங்கானா மசோதா வந்தபோது லோக்சபாவில் ஒரு எம்.பி. மிளகு ஸ்பிரே அடித்தார். இருமிக்கொண்டே உறுப்பினர்கள் வெளியே ஓடினார்கள். சிலர் மருத்துவமனைக்கே போனார்கள்!

தமிழ்நாடு மட்டும் சும்மாவா? 2017 பெப்ரவரியில் ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் உல்லாச விடுதியில் நாள்கணக்கில் வைக்கப்பட்டார்கள். அங்கிருந்து நேரே சட்டசபை. நம்பிக்கை வாக்கெடுப்பு முடிவு 122-க்கு 11!

2007 டிசம்பர் 27. பிரதி அமைச்சர் மேர்வின் சில்வா ஆட்களோடு ரூபவாஹினி நிலையத்துக்குள் நுழைந்தார். ஊழியர்கள் அவரையே மடக்கி உள்ளே வைத்துவிட்டார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அடுத்த பொதுத் தேர்தல் 2010. அவருக்குத் தோல்வியா? வெற்றி!

அதே 2010 ஓகஸ்ட். டெங்கு ஒழிப்புக் கூட்டத்துக்கு வராத சமுர்த்தி உத்தியோகத்தரை அவர் முன்னிலையில் மாமரத்தில் கட்டினார்கள்! கமெராக்கள் எல்லாவற்றையும் பதிவு செய்தன. பதவி போனது. செப்டெம்பரில் திரும்பி வந்தது. நவம்பரில் முழு அமைச்சராக உயர்வு! மரத்தில் கட்டியதற்கும் அமைச்சரவைக்கும் இடையில் நான்கே மாதம்!

கொவிட் காலத்துச் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி நோய் நீங்க மந்திரித்த நீர்ப்பானையை ஆற்றில் விட்டார். பிறகு ஒரு நாட்டு வைத்தியரின் பாணியைப் பகிரங்கமாகக் குடித்தார். 2021 ஜனவரியில் அவருக்கே கொவிட்!

மீனவர் ஊர்க்காரர்களே, இது உங்களுக்கு! 2020 நவம்பரில் முன்னாள் மீன்பிடி அமைச்சர் ஒருவர், மீன் வாங்கப் பயப்படாதீர்கள் என்று சொல்ல ஊடகவியலாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துத் தின்று காட்டினார்!

ஜோதிடர் குறித்த நாளில் தேர்தல் நடந்தது தெரியுமா? இரண்டு ஆண்டு பதவிக்காலம் மீதம் இருக்கும்போதே மஹிந்த தேர்தலுக்குப் போனார். நாள் 2015 ஜனவரி 8. தோற்றார்! அன்று திருகோணமலை மாவட்டத்தில் அவரை எதிர்த்தவருக்குக் கிடைத்தது 71 வீதத்துக்கும் மேல்!

2019-இலும் இதே கதை! நாடு கோட்டாபயவைத் தெரிந்தெடுத்தது. திருகோணமலை மாவட்டமோ அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சஜித்துக்கு 72 வீதம்!

2020 ஜூலை 31, பிரேமலால் ஜயசேகரவுக்குக் கொலை வழக்கில் மரண தண்டனை. ஐந்தாம் நாள் பொதுத் தேர்தல், வெற்றி! செப்டெம்பர் 8 சிறையிலிருந்து வந்து எம்.பி.யாகச் சத்தியப்பிரமாணம்! எதிர்க்கட்சியினர் கறுப்புச் சால்வை போட்டு எதிர்த்தார்கள். 2022-இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதே ஆண்டு அவர் துறைமுகங்கள் இராஜாங்க அமைச்சர்!

சிறைச்சாலைகளுக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சரே சிறைக்குள் துப்பாக்கியோடு போனதாகக் குற்றச்சாட்டு வந்தது தெரியுமா? 2021 செப்டெம்பர் 12, அநுராதபுரம். தமிழ்க் கைதிகளை மண்டியிட வைத்து மிரட்டினார் என்பதுதான் லொஹான் ரத்வத்த மீதான புகார். சிறைச்சாலைப் பொறுப்பை விட்டார். இரத்தினக்கல், தங்க ஆபரணப் பொறுப்பு அவரிடமே இருந்தது!

மிருசுவிலில் எட்டுப் பொதுமக்களைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய்க்கு 2020 மார்ச்சில், ஊரடங்குக்கு நடுவே, ஜனாதிபதி மன்னிப்பு! தண்டனைத் தீர்ப்பு வர ஏறக்குறைய 15 ஆண்டு. மன்னிப்புக்கு ஒரு கையெழுத்து! இதை எழுதும்போது எனக்கு வியப்பு வரவில்லை, கோபம்தான் வருகிறது.

2021-இல் மரண தண்டனைக் கைதி துமிந்த சில்வாவுக்கு மன்னிப்பு. சில வாரங்களில் அவர் தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் தலைவர்! 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பையே ரத்துச் செய்தது!

1987 ஜூலை 30, அணிவகுப்பு மரியாதையில் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கிப் பிடியால் தாக்கிய கடற்படைச் சிப்பாய் பிறகு என்ன ஆனார்? ஜனாதிபதி பிரேமதாச மன்னிப்புக் கொடுத்தார். 2000-இல் அவர் தேர்தல் வேட்பாளர்! பிறகு ஜோதிடர்! 2017-இல் ஜனாதிபதி சிறிசேன இறந்துவிடுவார் என்று நாள் குறித்ததற்காகக் கைது!

அமெரிக்காவையும் பார்த்துவிடுவோம். ஒலிநாடாக்கள் வெளியே வந்ததால் 1974-இல் நிக்சன் பதவி விலகினார். சரியாக 50 ஆண்டு கழித்து, 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளியாகக் காணப்பட்ட டொனால்ட் ட்ரம்ப் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார்! தீர்ப்புக்கும் வெற்றிக்கும் இடையில் ஆறு மாதம்கூட இல்லை!

எக்குவடோரில் நேர் எதிர்! ‘பைத்தியக்காரன்’ என்ற பட்டப்பெயரைத் தானே சொல்லிப் பெருமைப்பட்ட ஜனாதிபதி புக்காராமை 1997 பெப்ரவரியில் அந்நாட்டுக் காங்கிரஸ் ‘மனநிலைத் தகுதி இல்லை’ என்று 44-க்கு 34 வாக்கில் நீக்கியது! வைத்தியச் சான்றிதழ் எதுவும் இல்லாமலே!

பிரெஞ்சு ஜனாதிபதி போல் டெஷனெல் 1920 மே மாதம் நள்ளிரவில் ஓடும் ரயிலிலிருந்து விழுந்தார். பைஜாமாவோடு தண்டவாளம் வழியாக நடந்து வந்தார். நான்கு மாதத்தில் பதவி விலகிவிட்டார்!

இலங்கையிலும் ஜனாதிபதியின் மனநிலையைப் பரிசோதிக்க உத்தரவிடுங்கள் என்று ஒரு மனு நீதிமன்றம் போனது தெரியுமா? 2018 டிசம்பர், மேன்முறையீட்டு நீதிமன்றம். மனு தள்ளுபடி!

‘வழக்கமாகிப்போன தவறு’ பற்றி அமெரிக்கச் சமூகவியலாளர் டயேன் வாகன் ஒரு புத்தகமே எழுதினார். அவர் ஆராய்ந்தது சலஞ்சர் விண்கலத்தை. முந்தைய பயணங்களிலும் ரப்பர் வளையங்கள் கருகின. ஒன்றும் ஆகவில்லையே என்று பொறியியலாளர்கள் பழகிவிட்டார்கள். 1986 ஜனவரி 28, பறந்த 73ஆவது வினாடியில் ஏழு உயிர்!

மீன் அறிவியலில் இதற்கு ஒரு அண்ணன் இருக்கிறார்! டானியல் பாலி 1995-இல் எழுதினார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட மீன்வளத்தையே ‘வழமை’ என்று எடுத்துக்கொள்கிறதாம். தாத்தா கண்ட கடல் கணக்கிலேயே வராதாம்! அரசியலிலும் அப்படியே!

எண்ணில் பார்க்க ஆசையா? இந்திய லோக்சபா. வேட்புமனுவில் தாங்களே எழுதிக் கொடுத்த குற்ற வழக்குள்ள உறுப்பினர்கள் 2009-இல் 30 வீதம். 2014-இல் 34. 2019-இல் 43. 2024-இல் 46! ஒரு தடவைகூட இறங்கவில்லை!

இந்தப் பக்கத்துக்காகத் தேடத் தேட எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மாமரமும் மிளகாய்த்தூளும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. பார்த்தோம், திட்டினோம், மறக்கவில்லை. சத்தமே இல்லாமல் நடந்தவைதான் நமக்கு முழுவதும் பழகிப்போயிருக்கின்றன! இனி வருபவை எல்லாம் அந்த ரகம்!

1982. ஜே.ஆர். ஜயவர்தன தன் கட்சி எம்.பி.க்களிடம் திகதி போடாத பதவி விலகல் கடிதங்களில் கையெழுத்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்! கொடுத்தவர்கள் மக்கள் தெரிந்தெடுத்தவர்கள்!

அதே ஆண்டு டிசம்பர் 22, பொதுத் தேர்தலுக்குப் பதில் சர்வஜன வாக்கெடுப்பு! சின்னம் விளக்கு என்றால் ஆம். பானை என்றால் இல்லை. 54 வீதத்துக்குச் சற்று மேல் விளக்கு. பாராளுமன்றத்துக்கு மேலும் ஆறு ஆண்டு ஆயுள்! யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது வாக்கு பானைக்கு!

1977-இல் முதல் வாக்குப் போட்ட பிள்ளை, அடுத்த பொதுத் தேர்தல் வந்த 1989-இல் முப்பது வயதை நெருங்கிவிட்டது!

நீட்டிய அந்த ஆயுளைத் தமிழர் விடுதலைக் கூட்டணி எம்.பி.க்கள் ஏற்கவில்லை. 1983-இல் சபைக்குப் போவதை நிறுத்தினார்கள். கறுப்பு ஜூலை வந்தது. அரசியலமைப்பின் ஆறாம் திருத்தம் வந்தது. மூன்று மாதம் வராததால் திருகோணமலைத் தொகுதியில் வென்ற சம்பந்தனின் ஆசனம் பறிபோனது. மறுபடி தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது எப்போது? 2001! ஆசனம் போய் 18 ஆண்டு கழித்து!

வாக்கெடுப்புக் காலத்தில் மதகுருமாரின் துண்டுப்பிரசுரங்களைப் பறித்த பொலிஸ் அதிகாரி அடிப்படை உரிமையை மீறினார் என்று 1983 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மார்ச்சில் அவருக்குப் பதவி உயர்வு! நட்டஈட்டைக் கட்டியது அரசாங்கம்! ஜூனில் வேறொரு தீர்ப்புக்குப் பிறகு நீதியரசர்களின் வீடுகளுக்குக் கல்வீச்சு!

30 ஆண்டு கழிந்தது. 2013 ஜனவரி 11. பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவை நீக்கப் பாராளுமன்றம் 155-க்கு 49 என்று வாக்களித்தது. அந்த விசாரணை முறையே சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றங்கள் சொன்ன பிறகு! 2015 ஜனவரி 28 மீண்டும் பதவி. மறுநாள் ஓய்வு!

‘தற்காலிகம்’ என்றால் எத்தனை ஆண்டு? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-இல் தற்காலிக ஏற்பாடாக வந்தது. 2025-இலும் நடைமுறையில் இருந்தது! கணக்குப் போடுங்கள், 46 ஆண்டு!

வடக்குக் கிழக்கு இணைப்பும் 1988-இல் தற்காலிகமாகத்தான் நடந்தது. கிழக்கில் வாக்கெடுப்பு நடத்தி முடிவெடுப்போம் என்றார்கள். ஜனாதிபதிகள் மாறினார்கள். வாக்கெடுப்பு மட்டும் தள்ளித் தள்ளிப் போனது! 2006 ஒக்டோபர் 16 உயர் நீதிமன்றம் இணைப்பே செல்லாது என்றது. கிழக்கு மக்களிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை!

இணைந்த அந்த மாகாண சபையின் தலைநகரம் திருகோணமலை. 1990 மார்ச் 1, முதலமைச்சர் வரதராஜப்பெருமாள் இங்கேதான் ஈழப் பிரகடனத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அதே மாதம் 24, கடைசி இந்திய அமைதிப்படையினர் இதே துறைமுகத்திலிருந்து புறப்பட்டார்கள். 23 நாள் இடைவெளி!

2016 மே 20, சம்பூர் மகா வித்தியாலயம். மேடையில் முதலமைச்சர் நசீர் அஹமட் ஒரு கடற்படை அதிகாரியைச் சத்தம் போட்டுத் திட்டினார். பக்கத்தில் ஆளுநர், அமெரிக்கத் தூதுவர்! நாடெங்கும் வீடியோ பறந்தது. அதற்கு முப்படைகள் செய்ததைக் கேளுங்கள். மக்கள் தெரிந்தெடுத்த சபையின் முதலமைச்சர் எந்த முகாமுக்குள்ளும் வரக்கூடாது, அவர் வரும் விழாவுக்கும் போவதில்லை என்று அறிவித்தன! திட்டியதும் தவறு. சீருடைக்காரர்கள் தாங்களே தடை போட்டது அதைவிடப் பெரிய தவறு! தடை பிறகு நீங்கியது. ஆனால் அன்று ஊரெல்லாம் பேசியது முதல் பாதியைத்தான்!

2023 மார்ச் 9 நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் ஏன் நின்றது? திறைசேரியில் காசில்லை என்றார்கள்! அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பை மீறியவர்கள் பட்டியலில் நிதி அமைச்சராக இருந்த ஜனாதிபதி ரணிலும்! தேர்தல் நடந்தது 2025 மே 6!

அதே ரணில் 2025 ஓகஸ்ட் 22 கைது! இலங்கையில் கைதான முதல் முன்னாள் ஜனாதிபதி! லண்டன் பயணத்துக்கு 1 கோடியே 66 லட்சம் ரூபா பொதுப்பணம் செலவழித்தார் என்பது குற்றச்சாட்டு. நான்கு நாளில் பிணை!

செப்டெம்பரில் இன்னொன்று. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் 151-க்கு 1 என்று நிறைவேறியது. மறுநாளே மஹிந்த விஜேராம அரச வீட்டைக் காலி செய்தார்! பல பத்தாண்டு வழமை ஒரே வாக்கெடுப்பில் போயிற்று! பழகிப்போனதை மாற்ற முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள்!

கடைசியாக, எல்லாவற்றிலும் பெரியது. நம் ஊர் விஷயம்!

கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பர் 8. அன்று தெரிவானவர்கள் 37 பேர். சபையின் ஆயுள் 2017 செப்டெம்பர் இறுதியில் முடிந்தது. அதன் பிறகு உறுப்பினர் இல்லை. முதலமைச்சர் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர்தான் திருகோணமலையில் இருந்து மாகாணத்தை நடத்துகிறார்!

மாகாண சபைத் தேர்தலுக்கான புதிய தொகுதி எல்லை அறிக்கை என்ன ஆனது தெரியுமா? 2018 ஓகஸ்ட் 24 பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்த்து 139 வாக்கு. ஆதரித்து? பூச்சியம்! சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்!

சிறிசேன போனார். கோட்டாபய போனார். ரணில் போனார். 2025-உம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை! 2012-இல் பத்து வயதாக இருந்த கிண்ணியாப் பிள்ளைக்கும் மூதூர்ப் பிள்ளைக்கும் கந்தளாய்ப் பிள்ளைக்கும் இன்று வயது இருபதைத் தாண்டிவிட்டது. மாகாண சபைக்கு ஒரு வாக்குக்கூடப் போட்டதில்லை!

மாமரத்துக்கு வந்த கோபத்தில் பாதிகூட இதற்கு வரவில்லையே! திருகோணமலை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் நான்கு எம்.பி.க்கள் இருக்கிறார்கள். எந்தக் கட்சியானாலும் சரி, அடுத்த தடவை உங்கள் வாசலுக்கு வரும்போது வேறு எதையும் கேட்காதீர்கள். மாகாண சபைத் தேர்தல் எந்தத் திகதியில் என்று மட்டும் கேளுங்கள்!